நம்ம மூஞ்சிய யாரு சார் மாட்டப் போறா?

உங்கள் வீட்டு ஹாலில் தாத்தா படம் ஒன்று மாட்டியிருப்பீர்கள். எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

பார்த்தாச்சா? ரேஷன் கார்டுக்கோ பென்ஷன் புத்தகத்துக்கோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிசாக்கிய படம்தானே? முகத்தில் இருந்த சுருக்கங்களைக் கடைக்காரர் துடைத்திருப்பார். நிறத்தை இரண்டு படி ஏற்றியிருப்பார். தாத்தா வாழ்நாளில் போட்டே அறியாத ஒரு கோட்டைக் கழுத்துக்குக் கீழே ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. பின்னால் நீலமாக ஒரு மேகம், சந்தன மாலை, மினுக்மினுக்கென்று சீரியல் பல்பு. தாத்தாவைத்தான் காணோம்.

இப்போது கொஞ்சம் வசதி வந்துவிட்டதால் ‘ஆயில் பெயின்டிங்’ என்று ஒன்று செய்து தருகிறார்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கேன்வாஸ் துணியில் பிரின்ட் எடுத்து, அதன்மேல் பிரஷ்ஷால் பசையைத் தடவி மேடு பள்ளம் வரவழைத்து, கூரியரில் அனுப்பிவிடுவார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு செல்போனிலேயே பட்டன் இருக்கிறது. 2025 மார்ச்சில் பாதிப் பேர் ஜிப்லி பொம்மையாக மாறிக் கண்ணை விரித்துக்கொண்டு நின்றீர்களே, மறந்திருக்காது. அதே மெஷினிடம் ‘ஆயில் பெயின்டிங் மாதிரி’ என்று கேட்டால் அதுவும் வரும். எந்த எண்ணெயும் செலவாகாமல்.

இந்த விஷயத்தில்தான் உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன். ஒரு மனிதரின் முகத்தை வரைய வேண்டும் என்றால் அந்த மனிதர் எதிரே வந்து உட்கார வேண்டும். உயிரோடு இருக்கும்போதே வர வேண்டும். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அப்படி உட்காருவது ஒரு வேலை. அந்த வேலைக்கு உரிய கூலியும் மரியாதையும் தர வேண்டும். நம் ஊரில் இதில் எதுவுமே ஒழுங்காக நடப்பதில்லை.

‘எதைப் பார்த்து வரைந்தால் என்னங்க, முகம் முகம்தானே’ என்பீர்கள். இல்லை. கேமரா உங்களைப் பார்ப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்துக்கு என்று நாம் எல்லோரும் ஒரு முகம் தயாராக வைத்திருக்கிறோம். யாராவது போனைத் தூக்கினாலே அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓவியர் முன்னால் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் அந்த போட்டோ முகம்தான் இருக்கும். இருபதாவது நிமிஷம் கன்னம் வலிக்கும். அரை மணி நேரத்தில் அது தானாகக் கழன்று விழுந்துவிடும். பிறகு வருவதுதான் உங்கள் முகம். வாடகை பாக்கி, மகளுடைய படிப்பு, காலையில் மனைவியோடு போட்ட சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் வந்து போகும். நல்ல ஓவியர் இதில் எதையும் தனியாக வரைவதில்லை. வந்து போவதெல்லாம் சேர்ந்து உதட்டோரத்தில் ஒரு இழுப்பாக, புருவத்தில் ஒரு கனமாகத் தங்கிவிடும். (எக்ஸ்பிரஷன் என்றால் அழுவது, சிரிப்பது, முறைப்பது என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. சும்மா இருக்கும் முகத்தில் இருப்பதைப் பார்க்க நமக்குப் பழக்கமே இல்லை.)

இதற்கு ஆயில் பெயின்ட் ஏன் தோதான சாமான் என்றால், அது அவசரப்படாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். இன்று போட்டதை நாளை வழித்து எடுக்கலாம், கலைக்கலாம், மேலேயே வேறொன்று போடலாம். ஓவியர் முதலில் டர்பன்டைனில் கரைத்த பழுப்பு நிறத்தால் நிழல்களை மட்டும் மொத்தமாகப் பூசுவார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மூக்கு, கண் என்று தனித்தனியாகத் தேடமாட்டார். வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, அவ்வளவுதான். அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கூடிய கனமான பூச்சுகள் ஏறும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் மேல் பூச்சு பின்னால் வெடித்துவிடும். ஒவ்வொரு பிரஷ் வீச்சும் ஓவியர் அந்த நிமிஷத்தில் எதைக் கண்டாரோ அதன் பதிவு. சுவரில் மாட்டியபின் நாம் பார்ப்பது இரண்டு பேர் ஒரே அறையில் கழித்த பல மணி நேரத்தை.

போல் செசான் 1899ல் பாரிஸில் ஆம்ப்ரவாஸ் வொல்லார் என்ற ஓவிய வியாபாரியை வரைந்தார். வொல்லார் சொல்லும் கணக்குப்படி 115 தடவை உட்கார்ந்தாராம். ஒருமுறை தூங்கிப்போய் மேடையிலிருந்து கீழே விழ, ஆப்பிள் பழம் அசையுமா என்று செசான் திட்டியிருக்கிறார். கடைசியில் படத்தை முடிக்காமலே நிறுத்திவிட்டு, சட்டையின் முன்பக்கம் பரவாயில்லாமல் வந்திருக்கிறது என்றாராம்! 115 தடவை நான் கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும்.

நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற வழியில் இருக்கிறது போளூர். ஆரணிப் பட்டு என்று நீங்கள் ஆசையாக வாங்குகிறீர்களே, அதில் எத்தனையோ சேலைகள் இந்தச் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்தவைதான். அங்கே ஒரு பெரியவர் வீட்டில் தறி பார்த்துக்கொண்டிருந்தேன். குழிக்குள் கால், மடிக்கு முன்னால் சேலை, தலைக்கு மேலே ஜக்கார்டு, அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கி ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நெய்துகொண்டிருந்தது மயில் கழுத்து நிறம். அது என்ன நிறம் என்று கேட்டேன். ‘‘பாவு ஒரு கலரு, ஊட ஒரு கலரு சார். இப்டி பாத்தா நீலம், அப்டி பாத்தா பச்ச’’ என்று துணியைச் சாய்த்துக் காட்டினார்.

ஓவியக் கல்லூரியில் ஒரு வருஷம் பாடம் நடத்தினாலும் புரியாத விஷயம் அது. மனிதத் தோலும் மயில் கழுத்துதான். நம்முடைய கறுப்பு, மாநிறம் என்பது ஒரே நிறம் இல்லை. நெற்றியில் மஞ்சள் காவி, கன்னத்தில் செம்பு, தாடைக்குக் கீழே பச்சையோடிய சாம்பல், காது மடலில் வெளிச்சம் ஊடுருவினால் சிவப்பு, ஜன்னல் பக்கம் திரும்பிய கன்னத்தில் வானத்தின் நீலம். எதிரே உட்கார்ந்து பார்த்தால் இவ்வளவும் தெரியும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றும்போது அடி நிறம் மேல் நிறத்தின் வழியே எட்டிப் பார்க்கும், பாவும் ஊடையும் மாதிரி. செல்போன் கேமராவோ நிழலைக் கறுப்பாக அடைத்துவிட்டு வெளிச்சத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கிறது. அப்புறம் கடைக்காரர் மிச்சத்தையும் வெளுக்கிறார். ‘முகத்தைக் கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்க’ என்று சொல்வது யார்? நீங்கள்தான். ஃபேர்னஸ் க்ரீமைத் திட்டி கவிதை எழுதுபவர் வீட்டிலும் பாட்டி படம் ரோஸ் கலரில்தான் தொங்குகிறது.

அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: ‘‘உங்களை எதிரே உட்காரவைத்து ஒருத்தர் ஆயில் பெயின்ட்டில் வரைய வந்தால் உட்காருவீர்களா?’’

‘‘ஒக்கார்றதுக்கு என்னா சார். நாப்பது வருசமா ஒக்காந்துதான கெடக்கறேன். நம்ம மூஞ்சிய யாரு சார் மாட்டப் போறா?’’ என்றார். கேலியாகத்தான் சொன்னார். கை நிற்கவில்லை, நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு உடனே வள்ளுவர் ஞாபகம் வந்தார். நாம் பார்க்கும் வள்ளுவர், ஓவியர் வேணுகோபால் சர்மா கற்பனையில் கண்ட முகம். 1960ல் தபால்தலை, அப்புறம் பஸ், பள்ளிக்கூடம், அரசு ஆபீஸ் என்று தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த ஓவியம் அதுவாகத்தான் இருக்கும். வள்ளுவர் நெசவு செய்து பிழைத்தவர் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. ஆக, யாருமே பார்த்திராத ஒரு நெசவாளியின் முகம் ஊரெங்கும் இருக்கிறது. வள்ளுவர் வந்து உட்கார முடியாது, சர்மா கற்பனை செய்தார், நியாயம். போளூரில் உட்காரத் தயாராக இருக்கிறாரே ஒருவர், அவர் முகம் எந்தச் சுவரில் இருக்கிறது?

இன்னொரு கூத்து கேளுங்கள். 2008ல் சென்னை சில்க்ஸ் ஒரு பட்டுச்சேலை போட்டது. ரவிவர்மாவின் ஓவியங்களை அப்படியே நெய்த சேலை. முந்தானையில் வாத்தியம் வாசிக்கும் பெண்கள் கூட்டமாக இருக்கும் அந்தப் பிரபலமான படம். விலை கிட்டத்தட்ட 40 லட்சம் ரூபாய். நெய்தவர்களின் கைத்திறமைக்கு முன்னால் விழுந்து கும்பிடலாம், சந்தேகமில்லை. நெசவாளி ஓவியத்தை நெய்துவிட்டார். ஓவியம் நெசவாளியை இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ரவிவர்மா பெயரை எடுத்ததால் ஒரு பழைய கதை. இந்த எண்ணெய் வித்தை நம் ஊரில் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் ஆயில் பெயின்ட் தெரிந்த ஓவியர் ராமசாமி நாயக்கர். இளைஞர் ரவிவர்மாவுக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். பின்னால் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் வந்தபோதும், வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் அனுமதி. அப்படிக் கற்றவர் 1873ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கினார். 1894ல் பம்பாயில் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் ஏழை வீட்டுச் சுவர்வரை கொண்டு சேர்த்தார். எல்லாம் சரி. அந்த அச்சுப் படங்களில் ரவிவர்மாவின் பெயர் இருந்தது. லட்சுமியாக நின்று கால் வலித்த பெண்ணின் பெயர் இல்லை.

இப்போது அந்த கால் வலிக்கு வருவோம். சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே அரசு கவின்கலைக் கல்லூரி, அதை 1850ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர். 1929ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதற்கு முதல் இந்தியத் தலைவராக வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். அந்தப் பாறையை நெம்பும் மனிதர்களுக்காக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். 1959லிருந்து எத்தனை லட்சம் பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறோம்! யாராவது அந்த மனிதரைப் பற்றிக் கேட்டிருக்கிறோமா?

நம் ஓவியக் கல்லூரிகளில் மாடலாக உட்காருபவர்கள் சினிமா மாடல்கள் இல்லை. பெரும்பாலும் ஏழைப் பெண்கள், வயதானவர்கள். தினக்கூலி. வகுப்பு நடந்தால் காசு, லீவு விட்டால் இல்லை. ஆபீஸ் பெருக்கப் போகிறேன், டீ போட்டுக் கொடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. தெருவுக்குத் தெரிந்தால் நாம் என்ன பேசுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ‘சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு சம்பளமா’ என்று கேட்பவர்கள் தயவுசெய்து இப்போதே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் ஒரு ஆணியைப் பாருங்கள். இருபது நிமிஷம் கழுத்தை அசைக்கக் கூடாது. நாலாவது நிமிஷம் மூக்கு அரிக்கும். எட்டாவது நிமிஷம் ஒரு கால் மரத்துப்போகும். பன்னிரண்டாவது நிமிஷம் முதுகுத்தண்டு என்று ஒன்று இருப்பது தெரியவரும். இருபது நிமிஷம் முடிந்ததும் ஐந்து நிமிஷ ஓய்வு, பிறகு அதே இடத்தில், அதே கோணத்தில், அதே ஆணி. மாலை வரைக்கும். செய்துவிட்டு வந்து ‘சும்மா’ என்று சொல்லுங்கள்.

இங்கே கலாசாரக் காவலர்கள் எழுந்திருப்பார்கள். உடையில்லாமல் உட்காரவைக்கிறார்கள், அசிங்கம் என்பார்கள். முதல் விஷயம், முகத்தை வரைய யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. இரண்டாவது, மனித உடம்பின் எலும்பும் தசையும் தெரியாமல் எந்த ஓவியரும் ஒரு தோளைக்கூட உருப்படியாக வரைய முடியாது. போளூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருமலை இருக்கிறது. குந்தவை பெயரில் சமணக் கோயில் இருக்கும் ஊர். அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதர் 16 மீட்டர் உயரத்தில் உடையில்லாமல் நிற்கிறார். நூற்றாண்டுகளாகக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கல்லானால் கடவுள், மரப்பலகை மேல் உயிரோடு உட்கார்ந்தால் அசிங்கமா? மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் மாடலாக இருந்து மகனைப் படிக்கவைக்கும் ஒரு தாயைப் பற்றி ரவி ஜாதவ் ‘நியூட்’ என்று மராத்தியில் படம் எடுத்தார். 2017ல் கோவா திரைப்பட விழாவுக்கு நடுவர் குழு தேர்ந்தெடுத்த அந்தப் படத்தை மத்திய அமைச்சகம் தூக்கி எறிந்தது. மாடலைப் பார்க்க மட்டுமில்லை, மாடலைப் பற்றிப் பேசவே நமக்குக் கூச்சம்.

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்றால் அங்கேயும் கதை உண்டு. லூசியன் ஃப்ராய்ட் என்று லண்டன் ஓவியர். எதிரே ஆள் இல்லாமல் பிரஷ்ஷைத் தொடமாட்டார். அரசு உதவித்தொகை ஆபீஸில் வேலை பார்த்த சூ டில்லி என்ற பருமனான பெண்மணியை, சோபாவில் தூங்குவதுபோல 1995ல் வரைந்து முடித்தார். 2008ல் அந்தப் படம் 33.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 140 கோடி ரூபாய். சூ டில்லிக்குக் கிடைத்த கூலி ஒரு நாளைக்கு 20 பவுண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சூ டில்லி யார் என்பது உலகத்துக்குத் தெரியும். பேட்டி கொடுத்தார், ‘ஆமாம், அது நான்தான்’ என்று தலைநிமிர்ந்து சொன்னார். நம் அம்ரிதா ஷெர்கில் 1933ல் பாரிஸில் களைத்துப்போன ஒரு பெண்ணை வரைந்து, படத்துக்கு ‘தொழில்முறை மாடல்’ என்றே பெயர் வைத்தார். அப்போது ஷெர்கிலுக்கு இருபது வயது. தொழிலின் பெயரைத் தலைப்பிலேயே வைக்க அந்தப் பெண்ணுக்கு இருந்த நியாய உணர்ச்சி, 90 வருஷம் கழித்தும் நமக்கு வரவில்லை.

‘பெரிய ஓவியர்களே போட்டோ பார்த்துத்தானே வரைகிறார்கள்’ என்று ஓவியம் தெரிந்த வாசகர்கள் மடக்குவார்கள். உண்மைதான். ரவிவர்மாவே போட்டோவைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தக் கால சினிமா பேனர் கலைஞர்கள் ஸ்டில்லைப் பார்த்துத்தான் நாற்பது அடி முகம் வரைந்தார்கள். ஆனால் நிழலில் நீலமும் கன்னத்தில் பச்சையும் போட்டு அவர்கள் காட்டிய துணிச்சல் ஸ்டில்லில் இருந்து வந்தது இல்லை. மனிதர்களை அவ்வளவு பார்த்திருந்தார்கள். உயிருள்ள முகத்தை ஆயிரம் தடவை வரைந்தவர் போட்டோவைத் தொடலாம். போட்டோவை மட்டுமே பார்த்தவர் வரைந்தால் அது இன்னொரு போட்டோ. அதுதான் நமக்கு வேண்டும் என்பது வேறு விஷயம். 2021 ஜூனில் ஓவியர் இளையராஜாவை கொரோனா கொண்டுபோய்விட்டது. கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும், அவர்கள் மேல் கதவு வழியே வந்து விழும் வெயிலையும், அவர்களுடைய கறுப்பின் அழகு கெடாமல் வரைந்தவர். அவருக்கு நாம் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு என்ன? ‘அட, போட்டோ மாதிரியே இருக்கே!’ சமையல் பிரமாதம், ஓட்டல் சாம்பார் மாதிரியே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வதைப்போல.

பள்ளிக்கூடத்திலேயே தொடங்குகிறது இந்தக் கோளாறு. டிராயிங் கிளாஸ் என்றால் ஒரு மாம்பழம், இரண்டு மலைக்கு நடுவே சூரியன், கொடி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் முகத்தைப் பார்த்து வரை என்று எந்த ஸ்கூலிலாவது சொன்னார்களா? 2012ல் தமிழக அரசு 16 ஆயிரத்துக்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. ஓவிய ஆசிரியர்களும் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை சென்னைக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தார்கள். அவ்வளவு முகங்கள் ஒரே இடத்தில், அசையாமல்! அப்போதும் யாரும் ஈசலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்களா? கல்யாணத்துக்கு ‘கேண்டிட்’ என்று லட்சக்கணக்கில் செலவு செய்கிறீர்கள். பொண்ணு மாப்பிள்ளை பார்க்காத நேரத்தில் எடுப்பதுதான் கேண்டிடாம், அதற்கும் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவையுங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு, பிளெக்ஸ் கடையில் மௌஸ் பிடித்துக்கொண்டிருக்கும் பையனோ பெண்ணோ உங்கள் ஊரிலேயே இருப்பார். கூப்பிட்டு, வடக்கு ஜன்னல் பக்கம் அம்மாவை உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். அம்மா முதலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவார். விடுங்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவார். அப்புறம் பேச ஆரம்பிப்பார். நீங்கள் கேட்டேயிராத கதை ஒன்று வரும். டிவியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

போளூருக்கும் ஆரணிக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது, கைத்தறித் துறைக்கும் கவின்கலைக் கல்லூரி முதல்வர்களுக்கும் சேர்த்து. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களை ஒரு மாதம் அங்கே அனுப்புங்கள். ஸ்டூடியோவில் இல்லாத வெளிச்சம் தறி வீட்டில் இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவு சங்க ஆபீஸ்களில் தலைவர்கள் படமாக மாட்டியிருக்கிறீர்களே, அதன் பக்கத்தில் அந்தச் சங்கத்திலேயே அதிக வருஷம் தறியில் உட்கார்ந்தவரின் முகம் ஆயிலில் வரட்டும். படத்துக்குக் கீழே வரைந்த மாணவர் பெயர், அதே சைஸ் எழுத்தில் உட்கார்ந்தவர் பெயர். அடிப்படை நிறம் அடித்த கேன்வாஸ், பத்து டியூப் பெயின்ட், ஒரு பாட்டில் டர்பன்டைன், இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மந்திரியை வரவேற்கும் பிளெக்ஸ் பேனர்களைவிடக் குறைவு.

உட்காருகிறவருக்கு என்ன கூலி தருவது என்று பைல் எழுதிக் கேட்பார்கள். அன்றைக்குத் தறி நின்றால் அவருக்கு எவ்வளவு நஷ்டமோ, அதைவிட நூறு ரூபாயாவது கூடுதலாக. மதியச் சாப்பாடும் இரண்டு டீயும் தனி.